மாலை போட்ட படம்

அலுவிகாரையில் பஸ் ஏறிய பெண், கூட வந்தவளிடம் சொன்னதன் சுருக்கம்:

1. கட்சிக் கிளை இராணுவக் குடும்பங்களுக்குப் புத்தாண்டு விருந்து வைத்தது.
2. இராணுவத்திலிருக்கும் கணவரின் படத்தைக் கேட்டார்கள், கொடுத்தாள்.
3. அதற்கு மாலை போட்டு விளக்கேற்றினார்கள்.

“மனுசன் உசுரோட இருக்காருன்னு சொன்னேங்க்கா. மரியாதைதானே தங்கச்சின்னு தலைவரு பிரியாணிய நீட்டுறாரு.”

“கழட்டச் சொல்ல வேண்டியதுதானே புள்ள?”

“மந்திரி வந்து பாக்கணுமாம்.”

“ஒம் புருசனுக்குத் தெரியுமா?”

“தெரியும். நல்ல படமாக் குடுத்தியான்னு கேக்குறாரு. மாமிதான் நெஞ்சு வருத்தக்காரங்க, பாத்தா தாங்க மாட்டாங்க.”

அவர்கள் மாத்தளையில் இறங்கியபோது படம் கட்சி அலுவலக வாசலில் மாலையோடு தொங்கிக்கொண்டிருந்தது. மாமியார் நாளை சந்தைக்கு அந்த வழியாகத்தான் போகிறார்.