பால்சாமி சொன்ன மிச்சம்

இரண்டாம் ஆட்டம் முடிந்த நேரம். எம்.ரெட்டியபட்டி விலக்கிலிருந்து ஊருக்குள் போகும் பாதை... இரண்டு பக்கமும் பருத்திக்காடு. குரைக்க ஒரு நாய்கூட இல்லை. அதில் தனியாக நடந்து வந்தான் சௌந்தரபாண்டியன். நம் தெரு ராமசுப்புவுக்கு மாமன் மகன். அறுபத்தெட்டாம் வருஷம். அந்த விளக்கைக் கொஞ்சம் தணியுங்கள், சொல்கிறேன்.

பருத்தி வியாபாரியின் ஒற்றைப் பிள்ளை. மதுரையில் காலேஜ். படித்ததைவிட அங்கே இங்கிலீஷ் படம் பார்த்ததுதான் அதிகம். லீவுக்கு வந்தால் ஊரில் யாரைப் பார்த்தாலும் அவனுக்கு இளக்காரம்.

விலக்கில் ஒரு டூரிங் கொட்டகை இருந்தது. வாடகை மலிவு என்று அமெரிக்காக்காரனின் அரதப் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களை ஓட்டுவார்கள். ஊர் ஊராகச் சுற்றித் தேய்ந்த பெட்டி. பல படத்துக்குக் கடைசி ரீலே இருக்காது. அதற்காகவே பால்சாமி என்று ஓர் ஆளை வைத்திருந்தார்கள். நடுக்கம்பத்தடியில் மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து, வாயில் சுக்கை அதக்கிக்கொண்டு, படம் ஓட ஓடக் கதை சொல்வார். இங்கிலீஷ் ஓர் எழுத்துத் தெரியாது. துரையைப் பண்ணையார் ஆக்குவார். துரைசாணியை அவனுக்கு அத்தை மகள் ஆக்குவார். திரை வெளுத்ததும், "இதுக்கு மேல ரீலு இல்ல. மிச்சத்த நாஞ் சொல்றேன்" என்பார். அந்த மிச்சத்தில் திமிர் பிடித்தவன் ஒருத்தன் கட்டாயம் சாவான். ஜனம் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போகும்.

மாசியில் பால்சாமி செத்துப்போனார். அப்புறமும் கொட்டகைக்காரர்கள் அவருக்கு மணல் குவித்துத்தான் வைத்தார்கள். யாரும் அதில் உட்காருவதில்லை.

அந்த இரண்டாம் ஆட்டத்துக்குக் கதை சொல்லச் சௌந்தரபாண்டியனைக் கெஞ்சிக் கூப்பிட்டிருந்தார்கள். வந்தவன் முதல் வேலையாக அந்த மணல்மேட்டைக் காலால் எத்தி நிரவினான்.

"ஏய்யா, அது பால்சாமி இடம்யா" என்றாள் முறுக்கு விற்கும் குருவம்மாள்.

"செத்த ஆளுக்கு எதுக்கு இடம்? டிக்கெட் எடுத்தாரா?"

திரையில் பனி கொட்டியது. கொட்டகைக்குள் வேர்த்துக் கொட்டியது.

"முப்பது வருசத்துப் படம். மாவ அப்பிக்கிட்டு ஒருத்தி மயங்கி விழுவா, இவன் தாங்குவான். இதுக்கா அழுதீக? அந்தாளு உங்க காதுல நல்லாப் பூச்சுத்திட்டுப் போயிருக்காரு."

ஜனம் சிரித்தது. பால்சாமியை நினைத்து, விழுந்து விழுந்து சிரித்தது. ரீல் தீர்ந்து திரை வெளுத்தபோது யாரோ முடிவு கேட்டார்கள்.

"முடிவா? போய்ப் படுங்க" என்றான்.

இப்போது பாதி வழி வந்திருந்தான். முதலில் சத்தம்தான் கேட்டது. கிர்ர்ர்... கொட்டகை மிஷின் ஓடுகிற சத்தம். முதுகுக்குப் பின்னால். அப்புறம் வாசனை. சுக்கு... எச்சிலில் ஊறின சுக்கு. அப்புறம் ஒரு குரல், அவசரமே இல்லாமல்.

"இந்தா வாரான் பாருங்க, பெரிய வீட்டுப் புள்ள. பயமில்லாதவன் மாதிரியே நடக்குறான். இப்பச் சட்டப் பொத்தானத் தொடுவான்."

அவன் கை பொத்தானில் இருந்தது.

"திரும்பிப் பாக்கணும்னு இருக்கு... பாக்க மாட்டான். அம்புட்டுத்தான் இவுக வீரம்."

பருத்திக்காடு முழுக்கச் சிரித்தது. ஆணும் பெண்ணுமாக, கொட்டகையில் கேட்ட அதே சிரிப்பு.

ஓடினான்.

"ஒத்தச் செருப்பு போகும் பாருங்க..."

போனது.

வீட்டுக் கதவில் கை படுமுன்பே கதவு திறந்தது. அம்மா கோகிலாம்பாள் நின்றிருந்தாள்.

"யாருய்யா அது, ஒனக்கு முந்தி வந்தது? 'இந்தா வந்து கதவத் தட்டுவான்'னு வாசல்ல நின்னு சொன்னாக."

அவன் உள்ளே வந்து கதவைச் சாத்தினான்.

"இதுக்கு மேல ரீலு இல்லையாமே... மிச்சத்தையும் சொல்லிட்டுத்தான் போனாக."

"என்னம்மா சொன்னாரு?"

அம்மா அவனையே பார்த்தாள். நிலைப்படியில் சுக்கு மணத்தது. அதற்கப்புறம் எத்தனையோ தடவை கேட்டான்... அவள் சொல்லவே இல்லை.

விடிந்ததும் அவள் நேரே கொல்லைக்குப் போனாள். கிணற்று ராட்டிலிருந்து கயிற்றை உருவினாள். ஈரம் காயக்கூட விடாமல், அதை அடுப்பில் திணித்து எரித்தாள்.