யார் இழுத்த சிவப்பு?

சாஜிதா: என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. அந்தச் சிவப்பு யார் வேலை?

கஃபார்: எந்தச் சிவப்பு?

சாஜிதா: கடையை ஒட்டின மாடிப்படிகிட்ட காய வெச்சிருந்தேனே, காட்டுப் படம். அதுல.

கஃபார்: ஓ, அது காடா! எனக்கு வெறும் பச்சைக் கோடாத்தான்...

சாஜிதா: பேச்சை மாத்தாதீங்க. ரெண்டு வருஷமா காலேஜுக்குள்ள இருக்கிற காட்டைச் சுத்திச் சுத்தி, மரத்தை விட்டுட்டு வெளிச்சத்தை மட்டும் போட்ட முதல் படம். கண்காட்சிக்குக் கொடுத்த ஒரே படம்.

கஃபார்: கொடுத்துட்டியா? அப்படியேவா?

சாஜிதா: அப்படியேன்னா... எப்படியே?

கஃபார்: இல்ல, சும்மா...

சாஜிதா: விடிகாலை இருட்டுல ஆட்டோல ஏத்திட்டுப் போய் அங்க இறக்கினப்போதான் பாத்தேன். யார்னு இன்னிக்கே எனக்குத் தெரிஞ்சாகணும்.

கஃபார்: இன்னிக்கேவா? நாளைக்கு என்ன?

சாஜிதா: அதை அப்புறம் சொல்றேன்.

கஃபார்: வில்பிரட்டா இருக்கும். நம்ம கடைக்கு வர்ற பெயிண்டருங்கள்ல அவன்தான் கண்ட இடத்துல பிரஷ்ஷை இழுப்பான்.

சாஜிதா: அந்த அண்ணனைக் கேட்டாச்சு. படம் காய்ஞ்ச அன்னிக்குப் பூரா குரோம்பேட்டை சைட்டுல வேலையாம்.

கஃபார்: அப்போ பூனை...

சாஜிதா: பூனைன்னா காலடி இருக்கும். இது மேலருந்து கீழ ஒரே இழுப்பு.

கஃபார்: நம்ம சோயா ஏதாவது...

சாஜிதா: பெத்த பொண்ணு மேலயே பழியா?

கஃபார்: சரி விடு. இனாமல் பெயிண்ட் ஒட்டுனா அவ்ளோதான். தின்னர் போட்டுத் துடைச்சாலும் பரவத்தான் செய்யும்.

சாஜிதா: இனாமல்னு நான் சொன்னேனா? பரவுனதா நான் சொன்னேனா?

கஃபார்: பெயிண்ட் கடைக்காரன் ஒரு பேச்சுக்குச் சொல்லக் கூடாதா... டீ போடட்டுமா?

சாஜிதா: கல்யாணம் ஆனதுலருந்து நீங்க டீ போட்டதே இல்ல. உண்மையச் சொல்லுங்க.

கஃபார்: குன்றத்தூர் மண்டபத்து கேட்டுக்குச் சிவப்பு கலந்தேன். ஷேடு சரியான்னு இழுத்துப் பாக்கணும்ல? படிகிட்ட இருந்தது நாங்க கலர் பாக்குற பலகை மாதிரியே தெரிஞ்சுது சாஜி. இழுத்தப்புறம்தான் ஓரத்துல உன் பேரு இருக்குறதைப் பாத்தேன். தின்னரைத் தொட்டுத் துடைச்சேன். புகை மாதிரி பரவிடுச்சு.

சாஜிதா: பலகை... என் காடு உங்களுக்குப் பலகை.

கஃபார்: திட்டு, நல்லாத் திட்டு. அன்னிலருந்து உன் முன்னாடி உக்காந்து சாப்பிடவே முடியல. படத்தைத் திருப்பி அனுப்பிட்டாங்களா? நான் வேணா வந்து, தப்பு என்னுதுன்னு சொல்லட்டுமா?

சாஜிதா: வாயைத் தொறந்துடாதீங்க. அதுக்குத்தான் முதல் பரிசு. வந்தவங்க எல்லாரும் நான் போடாத அந்த இடத்து முன்னாடியே நின்னாங்க. வயித்தெரிச்சலா இருந்துச்சு. எப்படித் தோணுச்சுன்னு கேட்டாங்க, காட்டுல பொழுது சாயுறப்போ பாத்தேன்னு கூசாம சொல்லிட்டேன். நாளைக்கு எல்லார் எதிர்லயும் அதே மாதிரி ஒண்ணு போட்டுக் காட்டணுமாம்... அந்த டப்பாவுல மிச்சம் இருக்கா? தொடைச்ச துணியையும் எடுத்துக்கிட்டு வாங்க. எப்படி இழுத்தீங்கன்னு எனக்குச் சொல்லிக் கொடுங்க.