சூரியன் படம் போட்ட பெட்டி

– கம்ப்யூட்டர்ல ஒரு விளம்பரத்த மூடினா நாலு தொறக்குதும்மா. போன மாசம்தான சுத்தமா தொடச்சிட்டுப் போனேன். மறுபடி எதுக்கோ 'எஸ்' குடுத்திருக்கீங்க.

– நான் எங்க வினோதினி குடுத்தேன்? தூசி தட்டறதோட சரி. எனக்கு இன்னா தெரியும் அதுல?

– அவ அப்படித்தாம்மா சொல்லுவா. நேத்து என் மானம் போச்சு. கலெக்டராபீஸ்ல எனக்குப் பக்கத்து சீட்டு பலராமன், வேங்கிக்கால்லேர்ந்து வேலை மெனக்கெட்டு வீடு வரைக்கும் வந்தாரு. ஒரு கவர்மெண்ட் ஆர்டர் தேடித் தாங்கன்னு கேட்டாரு. தொறக்கறேன், அரைகுறையா ஒரு பொம்பள வந்து நிக்கறா. அவள மூடினா பின்னாடியே இன்னொருத்தி. மனுஷன் பாதி காப்பியோட எழுந்து போயிட்டாரு.

– நீங்க இன்னா சொன்னீங்க அவருகிட்ட?

– இன்னா சொல்றது தனம்? வைரஸ்னு சொன்னேன். 'ஆமா ஆமா, வைரஸ்தான்'னுட்டு சிரிச்சிக்கினே போறாரு. இன்னிக்கு ஆபீஸ் பூரா தெரிஞ்சிருக்கும்.

– வைரஸ் இல்ல சார். விளம்பரக் கும்பல் வேல இது. இலவசமா ஏதோ ஒண்ணு குடுப்பான், அதோட கூட நாலு பேர உள்ள அனுப்பிடுவான். சரி, பாப்போம். பேசாம மொத்தமா பார்மேட் பண்ணிடட்டுமா? ஒரேடியா போயிடும்.

– பார்மேட்டுனா?

– எல்லாத்தையும் அழிச்சிட்டு புதுசா போடறது சார்.

– எல்லாமேவா? அது வேணாம்மா. ஆபீஸ் சமாச்சாரம் எல்லாம் உள்ள கெடக்குது. அந்த அசிங்கத்த மட்டும் எடு. மத்தது எதையும் தொடாத.

– ஆமாம் கண்ணு, அழிக்கல்லாம் வேணாம்.

– பாத்தியா வினோதினி, என் சம்சாரம் நான் சொன்னதுக்கு ஆமாம் போடறா. இன்னிக்கி மழ வரும்.

– கிண்டல் போதும். முனிசிபாலிட்டி தண்ணி வர்ற நேரம். போய் மாடியில டேங்க்கப் பாருங்க. போன பௌர்ணமியன்னிக்கி கிரிவலக் கூட்டத்த வேடிக்க பாத்துக்கினு வுட்டுட்டீங்க, ரெண்டு நாளு குடத்த தூக்கிக்கினு அலைஞ்சேன்.

– போறேன், போறேன்.

– வினோதினி, அவரு மேல போயிட்டாரான்னு பாரு.

– போயிட்டாரும்மா. ஏன்?

– ஒண்ணுமில்ல. நீ பாட்டுக்குப் பாரு.

– இதுல உள்ள போறதுக்கு ரெண்டு பேரு இருக்குது, சார் பேரு ஒண்ணு, மணிமொழின்னு ஒண்ணு. உங்க பொண்ணுதான? சரி, பாப்போம், மொதல்ல இவங்க பேர்ல உள்ள போறேன். தோ, உடனே வருது பாருங்க. லாட்டரி, கடன், உடம்பு இளைக்க மருந்து. இத்தனையும் எது வழியா வருதுன்னா... கண்டுபுடிச்சிட்டேன். வானிலை காட்டற பெட்டி ஒண்ணு. சூரியன் படம் போட்டு, மேகம் படம் போட்டு. இதத்தாம்மா போன தடவ எடுத்தேன். எடுத்தது எப்படி திரும்ப வந்துச்சி?

– அத எடுக்கணுமா கண்ணு?

– இதுதாம்மா திருடனுக்குக் கதவு தொறந்து வுடறது.

– மத்தத எல்லாம் எடுத்துடு. அத மட்டும் வுட்டுடேன்.

– அம்மா, நீங்களா போட்டீங்க?

– மெதுவா பேசு. மேல கேக்கும்.

– சரி, மெதுவாவே கேக்கறேன். இதுல 'டொரோண்டோ'ன்னு போட்டிருக்குது. கனடா. அங்க யாரு இருக்காங்க?

– மணிமொழிதான். மெட்ராஸ்ல வேல செய்யச்ச கூட வேல செஞ்ச பையன ரிஜிஸ்டர் கல்யாணம் பண்ணிக்கினா. அதுக்கு முன்னாடியே ஊர்ல மாப்ள பாத்து வெச்ச எடத்துக்கு இவரு வாக்கு குடுத்திருந்தாரு. அப்புறம் அந்தப் பையன் பேரு, ஊரு எதுவும் இந்த வீட்ல வரக்கூடாதுன்னுட்டாரு. போன் நம்பரையும் மாத்திட்டாரு. நானும் வாயத் தொறக்கறதில்ல.

– அவங்க கனடாவுல இருக்கறது உங்களுக்கு எப்படித் தெரியும்?

– கீழ்பென்னாத்தூர்ல எங்கக்கா பொண்ணு பாஞ்சாலைகிட்ட ஒரு வாட்டி போன்ல பேசியிருக்கா. டொரோண்டோன்னு ஊரு பேர மட்டும் சொல்லியிருக்கா. அதுக்கப்புறம் ஒரு தகவலும் இல்ல. அந்த ஊரு பேர பஸ்ல வரச்சே மறந்துடப் போறேன்னு சொல்லிக்கினே வந்தேன்.

– அதுக்கு இந்தப் பெட்டி எதுக்கும்மா?

– நானா தேடிப் போகல. ஒரு நாளு தூசி தட்டச்சே கை பட்டு கம்ப்யூட்டர் முழிச்சிக்கிச்சி. இந்த சூரியன் வந்து நின்னுச்சி. 'உங்க ஊரு எது'ன்னு இங்கிலீஷ்ல கேட்டுச்சி. பத்தாவது வரைக்கும் படிச்சவதான, எழுத்துக்கூட்டிப் படிச்சேன். எல்லாரும் அத மூடிடணும்னுதான் சொல்றாங்க. ஆனா யாரு கண்ணு என்ன அப்படிக் கேக்கறாங்க? ஒவ்வொரு எழுத்தா தேடி அவ ஊரப் போட்டேன்.

– போட்டதும் வந்துச்சா?

– வந்துச்சி. மைனஸ்னு ஒரு கோடு, பக்கத்துல பதினெட்டு. குளிருக்கு எதுக்கு மைனஸ்னு எனக்குப் புரியல. பாஞ்சாலை பையன கேட்டேன். தண்ணி கல்லாப் பூடும் பாட்டின்னான். அன்னிக்கு எனக்கு சோறு எறங்கல. நம்மூரு மார்கழிக்கே அவளுக்கு மூக்கு அடச்சிக்கும். தீபத்தன்னிக்கி மொட்ட மாடியில நின்னு மல பாக்கறதுக்குள்ள நாப்பது தும்மல் போடுவா.

– தெனமும் பாப்பீங்களா?

– அவரு ஆபீஸ் போனதும் பாப்பேன். இன்னிக்கி வெயில் படம் போட்டிருந்தா எனக்கு வேல ஓடும். பனி படம் போட்டிருந்தா ஒண்ணும் ஓடாது. அங்க மணி இன்னான்னு கூட போடுது. நான் சோறு வடிக்கச்சே அவ தூங்கிக்கினு இருப்பா. சத்தம் போடாம வடிப்பேன், பைத்தியக்காரி மாதிரி.

– பைத்தியம் ஒண்ணுமில்லம்மா.

– நீ எடுத்துட்டுப் போன அன்னிக்கு எனக்குக் கையொடிஞ்ச மாதிரி ஆயிடுச்சி. மறுபடி அந்தப் பெட்டி எப்ப வருமோன்னு காத்துக்கினு ஒக்காந்திருந்தேன். மூணாம் நாளு அதுவே வந்துச்சி. உடனே 'எஸ்' அமுக்கினேன். அதனால அவருக்கு இப்படி அசிங்கம் வரும்னு தெரியாது கண்ணு.

– அழாதீங்கம்மா. சரி, பாப்போம். இத எடுத்துத்தான் ஆவணும். ஆனா விளம்பரமே இல்லாம வானிலை காட்டற பக்கம் ஒண்ணு இருக்குது. அந்த ஊரையே போட்டு, தொறந்த உடனே வர்ற மாதிரி வெச்சிக் குடுக்கறேன். யாரும் கூட வர மாட்டாங்க.

– சூரியன் படம் இருக்குமா?

– இருக்கும். மேகமும் இருக்கும்.

– நீ நல்லா இருப்ப. ஆனா இவருக்குத் தெரியக்கூடாது.

– தெரியாது. இந்தப் பக்கம் சுத்தமாயிடுச்சி. ஆனா சார் பேர்லயும் உள்ள போயி பாக்கணும்மா. நேத்து அவருக்கு வந்த பொம்பளைங்க இந்தப் பக்கத்துலேர்ந்து வரல, அவரு பக்கத்துலேர்ந்துதான் வந்திருக்காங்க. பாஸ்வேர்டு கேக்குது.

– எனக்கு அதெல்லாம் சொன்னதில்ல. இருடி, கேக்கறேன். என்னங்க, பாஸ்வேர்டு கேக்குது பாருங்க.

– அதுல இன்னா வேல? தொட வேணாம்னு சொல்லு. நான் வர்றேன்.

– படிய பாத்து எறங்குங்க. ஏன் இப்படி ஓடி வர்றீங்க?

– அம்மா வினோதினி, அந்தப் பக்கத்துல ஒண்ணுமில்ல. ஆபீஸ் சமாச்சாரம்தான்.

– பாக்காம வுட்டா அடுத்த தடவ பலராமன் சார் வந்தாலும் இதே கதைதான் சார். ரெண்டு நிமிஷம். நீங்களே பாஸ்வேர்டு போடுங்க, நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன்.

– சீக்கிரம் பாத்துட்டு மூடிடணும்.

– சரி சார். தோ, தானா தொறக்குது. லாட்டரி... பொம்பள படம், மூடிட்டேன். அப்புறம்... சார், இங்கயும் அதேதான். சூரியன் பெட்டி. மழ படம் போட்டிருக்குது.

– இன்னாது? தள்ளு கண்ணு, நான் பாக்கறேன்.

– தனம், நீ உள்ள போ. தண்ணி நெறஞ்சிடுச்சி, மோட்டார நிறுத்து.

– நிறுத்திட்டுத்தான வந்தீங்க. இதுல இருக்கற எழுத்து வேற மாதிரி இருக்குது. டி இல்ல. வி-ல ஆரம்பிக்குது. வா... வான்... வினோதினி, இது எந்த ஊரு?

– வான்கூவரும்மா. இதுவும் கனடாதான். டொரோண்டோவுக்கு இன்னொரு கோடி.

– இவரு எதுக்கு அந்த ஊரு மழய பாக்கறாரு? என்னங்க, உங்களத்தான் கேக்கறேன். நம்ம பொண்ணு இருக்கறது அந்த ஊரு இல்லியே. அவ பனியில இல்ல கெடக்கறா?

– இல்ல தனம். மாப்ளைக்கு தீபத்துக்கு முன்னாடியே வான்கூவருக்கு மாத்தலாயிடுச்சி.