ஒரு வாய்க்கு மூணு பிஸ்கட்

– ரெண்டு வாய் பாலக் பருப்பு சோறு, ஒரு க்ரீம் பிஸ்கட்டு. இன்னா சொல்ற ப்ரீத்தி?

– நக்கோ அப்பா, வேணாம்.

– சரி, ஒரு வாய்க்கு ஒண்ணு. கடைசி வெல. இதுக்கு மேல எறங்குனா எனக்குக் கட்டாது.

– ஒரு வாய்க்கு மூணு. மொதல்ல பிஸ்கட் குடு.

– பாத்தியா மேரி, அட்வான்ஸ் கேக்குது! கட்கி பஜார்ல எங்கப்பா வெங்காய வண்டி தள்ளசொல்லோ, இவள மாதிரி ஒரு ஆள் வந்திருந்தா வண்டியையே வுட்டுட்டு ஓடியிருப்பாரு.

– சிரிக்காதிய. பிள்ளைகிட்ட யாவாரம் பேசுறதா? முந்தாநாள் ஒண்ணு, நேத்து ரெண்டு, இன்னைக்கு மூணு. நாளைக்கு உங்க லூனா வண்டிய எழுதிக் கேப்பா.

– நீ மட்டும் இன்னா? பன்னெண்டு மணிக்கு ஸ்டூல்ல குந்த வச்சே. இப்ப மணி ஒண்ணு. தட்டு காலியாவாம எறங்கக் கூடாதாம். போலீஸ் டேசனா இது?

– எனக்கென்ன ஆசையா? நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரி தராசுல நிறுத்துவாக. நாலு வயசுப் பிள்ள, பதினொண்ணரை கிலோ. கால் கிலோவாது ஏறலேன்னா பெட்ல போட்டு மூக்குல குழாய் மாட்டுவேன்னு அந்த டாக்டரம்மா சொன்னாகளா இல்லையா?

– கெஞ்சாத, மெரட்டாத, தட்டுல வக்கிறது உன் வேல, துன்றது புள்ள வேலன்னும் அவங்கதான் சொன்னாங்க.

– அவுக வீட்டுப் பிள்ள திங்கும், சொல்லுவாக. நீங்க தின்னியளா இந்தப் பாலக்க?

– எனக்கு வாயு.

– எனக்கும் வாயு.

– கேட்டியளா? அப்பன் போட்ட பாட்டு! வாயத் தெறடி.

– நக்கோ!

– தெறங்கேன்ல.

– மேரி, கரண்டிய கீழ வை. ரெண்டு மணிக்கு எனக்கு ஷிஃப்ட்டு, ஃபேக்டரிக்கு நிம்மதியாப் போவ வுடு. நீ போடுற கூச்சல் பிம்ப்ரி வரைக்கும் கேக்குது.

– நீங்க போயிருவிய. குழாய் மாட்டுத அன்னைக்கும் ஷிஃப்ட்டுக்குப் போவிய. பிள்ளையப் புடிச்சிக்கிட்டு நிக்கப் போறது நான். தெறடி!

– ஏய், மூக்கப் புடிக்காத! ரெண்டாயிரமாவது வருசம் பொறக்கப் போவுது, இன்னும் மூக்கப் புடிச்சி ஊட்டுறியா? வுடு, மூச்சு தெணறுது புள்ளைக்கு! மேரி!

– அம்மா... அம்மா வலிக்குது...

– முழுங்கு! ரெண்டு வாய்தான், முழுங்கிரு, என் தங்கம்ல... ஐயோ.

– போச்சா? மொத்தத்தையும் கக்கிடுச்சி. காத்தால குடிச்ச பாலும் வெளிய வந்துடுச்சி. இப்ப நிறுத்திப் பாரு தராசுல.

– ஐயோ, என் கையாலயே கொல்லப் பாத்தேனே.

– வா கண்ணு, அப்பா தொடச்சி வுடறேன். ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. இன்னாமே, நீ ஏன் தரையில சாஞ்சிட்ட?

– தல கிறுகிறுன்னு வருது.

– காத்தால துன்னியா?

– எங்க? உங்களுக்கு டப்பா கட்டணும், இவளுக்கு ஊட்டணும். எல்லாம் முடிஞ்சப்புறம் மிச்சத்த அடுக்களையில நின்னுக்கிட்டு வாயில போடுவேன். உங்க முன்னால என்னைக்கு உக்காந்து தின்னுருக்கேன்?

– எவன் வேணாம்னான்? இந்தா, இந்தத் தட்டு சோத்தத் துன்னு.

– பிள்ள சோறுங்க.

– அது துன்ன மாதிரிதான்! நீ மயங்கி வுழுந்தின்னா ரெண்டு பெட்டு புடிக்கணும். எம் முன்னாடி துன்னு. தட்டு காலியாற வரைக்கும் நான் நவுர மாட்டேன்.

– ஷிஃப்ட்டு?

– போவட்டும் ஷிஃப்ட்டு. ம், துன்னு.

– ...உப்பே போடலியே நான்.

– இம்மா நேரம் புள்ள அதத்தான் சொல்லிச்சோ இன்னாவோ. அழுவாத மேரி. அழுவாம துன்னு. இன்னும் ரெண்டு வாய்.

– அம்மா.

– என்னம்மா?

– நீ என்ன தப்பு பண்ணுன? அப்பா உனக்கும் சோறு குடுக்கறாரு?