முத்திரை இல்லாத பெட்டி

— பதினொண்ணாம் தேதி செவ்வாய்க்கிழமை, துறைமுகத்து மூணாம் கொட்டகையில, உங்க பெட்டியைச் சூட்டறைக்குள்ள தள்ளியிருக்காங்க சார். நேத்துதான் நம்ம கண்காட்சிக் கூடத்துக்கு வந்து சேர்ந்துச்சு.

— சூட்டறையா? எதுக்கு மேடம்? உள்ளே இருக்கிறது மெழுகு மொகமாச்சே!

— அது அவங்களுக்கு எப்படித் தெரியும்? பெட்டி மேல 'உடையும் பொருள்'னு மட்டும்தான் இருக்கு. வெளிநாட்டுப் பலகைன்னா பூச்சி வந்துடும்னு இங்கே பயம். ஏற்கெனவே சூடு காட்டின பலகைன்னு முத்திரை இருந்தா விட்டுடுவாங்க. இல்லைன்னா பெட்டியோட சேர்த்து அவங்களே சூடு காட்டிடுவாங்க.

— முத்திரை போட்ட பலகைதான் மேடம். எதுக்குன்னு தெரியாட்டியும், நீங்க எழுதின மாதிரியே மரக்கடையில தேடித் தேடி வாங்கினேன்.

— நான் சுத்திச் சுத்திப் பார்த்துட்டேன். எல்லாப் பக்கமும் கண்ணாடி மாதிரி இருக்கு. எங்கே முத்திரை?

— இழைச்சுட்டேன்.

— என்னது?

— கறுப்பா, மாட்டுக்குச் சூடு வெச்ச மாதிரி நட்ட நடுவுல தெரிஞ்சுது. தங்கச்சி செஞ்சது இவ்வளவு பெரிய இடத்துக்குப் போகுது, பெட்டியும் லட்சணமா இருக்கட்டும்னு இழைப்புளி போட்டு எடுத்துட்டேன். மேல பாலிஷ் வேற போட்டேன்.

— இந்தக் கூடத்துல எத்தனை நாட்டுப் பெட்டி கிடக்கு. ஒண்ணாவது பாலிஷ் போட்டிருக்கா சார்?

— இல்லை. காலையில பார்த்தேன். எவன்டா இதையெல்லாம் இப்படி அழகில்லாம அடிச்சான்னு உள்ளுக்குள்ள சிரிச்சுக்கிட்டேன்.

— சரி, விடுங்க. நீங்க இல்லாம திறக்கக் கூடாதுன்னுதான் காத்திருந்தேன். அந்தப் பக்கம் பிடிங்க. மெதுவா. டார்ச்சைக் குடுங்க.

— மொகம் எங்கே மேடம்?

— அடியில. வழிஞ்சு ஒரு மூலையில உறைஞ்சிருக்கு.

— இதோ, இங்கே காது தெரியுது பாருங்க. காதுதானே இது?

— இல்லை சார். சுத்தி வெச்ச துணியோட மடிப்பு பதிஞ்சிருக்கு.

— நல்லாப் பாருங்க மேடம்.

— பார்த்துட்டேன். இன்னொண்ணு வார்க்க முடியாதா? அச்சு இருக்குமே?

— அது ஒரு தடவை ஊத்தினா சுருங்கிப் போற அச்சு. தங்கச்சி பொண்ணு பாப்பா கடைசியா ஆஸ்பத்திரியில இருந்தப்ப, பொழுது போகணும்னு விளையாட்டா எடுத்தது. "மாமா, மூக்குல ஏதோ ஊருது"ன்னு ஒரே சிரிப்பு அவளுக்கு. இப்ப யார் மொகத்துல போய் எடுக்கிறது?

— தங்கச்சிக்கு வேற பிள்ளை?

— இவ ஒருத்திதான். போட்டோவுல பார்த்தா அழுகை வருது, இதைத் தொட்டாத்தான் தூக்கம் வருதுன்னு தங்கச்சி சொல்லுவா.

— சார், உங்க தங்கச்சி வாசல்ல இறங்கிட்டாங்களாம். இப்பத்தான் செய்தி வந்துச்சு. ஒண்ணு சொல்றேன், கேளுங்க. கொட்டகைக்காரன் விசாரிக்காம செஞ்சுட்டான்னு சொல்லிடுங்க. நான் மறுத்துப் பேச மாட்டேன். முழுப் பொய்யும் இல்லை அது. அவன் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்தானே.

— என்னால முடியுமான்னு தெரியலை மேடம்.

— வந்துட்டாங்க. கண்ணைத் துடைச்சுக்குங்க.

— அண்ணா! சாப்பிட்டியா? என்ன, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு? வணக்கம் மேடம். நான் கேட்ட மாதிரி விளக்கைக் கீழேயிருந்துதானே வெச்சிருக்கீங்க? நேரா அடிச்சா அவளுக்குக் கண்ணு கூசும்.

— கீழேதாம்மா வெச்சிருக்கோம். நீங்க முதல்ல உட்காருங்க.

— பெட்டியைத் திறந்துட்டீங்களா? நான் வர்ற வரைக்கும் பொறுக்க முடியலையா உனக்கு? தள்ளுண்ணா. இது என்ன? அண்ணா, இது என்ன?

— துறைமுகத்துல சூடு காட்டிட்டாங்கம்மா.

— யாரு?

— கொட்டகைக்காரன். கேக்காமச் செஞ்சுட்டான்.

— மேடம், தண்ணி இருக்கா?

— இதோ. குடிங்க.

— எல்லாரும் அனுப்பாதேன்னு சொன்னாங்க மேடம். அண்ணன் பெட்டி செஞ்சாத்தான் அனுப்புவேன்னு நான்தான் அடம் பிடிச்சேன். மத்தவங்களுக்கு இது ஒரு பொருள். இவன் மட்டும்தான் பாப்பாவுக்குத் தொட்டில் செய்யற மாதிரி உட்கார்ந்து செஞ்சான். அழாதேண்ணா. எவனோ செஞ்சதுக்கு நீ என்ன பண்ணுவே? கையைக் குடு.

— பிடிக்காதேம்மா.

— குடுண்ணா.

— இந்தக் கைதான் செஞ்சுது. முத்திரை இருந்தா சூடு காட்டியிருக்க மாட்டாங்க. பார்க்க நல்லா இல்லைன்னு நான்தான் இழைச்சு எடுத்தேன்.

— எது நல்லா இல்லைன்னு?

— பெட்டி.

— அம்மா, அவருக்கு அந்த முத்திரை எதுக்குன்னு தெரியாது. யாரும் சொல்லிக் குடுக்கலை.

— நாளைக்கு இந்த அறையை என்ன பண்ணுவீங்க மேடம்?

— மூடி வெச்சுடுவோம். திறப்பு விழா மத்த அறையில நடக்கும்.

— திரும்பிப் போறதுக்கு டிக்கெட் நீங்கதானே போட்டீங்க?

— ஆமாம்மா. ரெண்டு பேருக்கும் ஒரே விமானம். பக்கத்துப் பக்கத்து இருக்கைதான்.

— அவரை வேற விமானத்துல போட்டுடுங்க.