மூன்று வாரத்தில் இறங்கும்

ஏப்ரல் மாதம் இரண்டாம் ஞாயிறன்று, காலை ஆறு மணிக்கு, நகர விளையாட்டரங்கின் வடக்கு வாசலிலிருந்து அரை மாரத்தான் கிளம்பியது. மேகமூட்டம். ஓடுவதற்கு நல்ல நாள்.

என் மைத்துனன் ஓடினான். நான் அவனுடைய பயிற்சியாளர். அக்கா புருஷன் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். மாவும் சர்க்கரையும் அறவே நீக்கி, முட்டை, வெண்ணெய், இறைச்சி என்று அவனுக்குக் கீட்டோ சாப்பாடு வகுத்துக் கொடுத்ததும் நான்தான்.

"என் தம்பிக்கு ஏற்கெனவே கொழுப்பு ஜாஸ்தி. இதுல நீங்க வேற ஊட்டுறீங்களா?" என்றாள் என் மனைவி. அவன் வாயில் வெண்ணெயோடு சிரித்தான்.

இந்த உணவுக்கு மாறியதும் முதல் வாரங்களில் உடம்பு தண்ணீரையும் உப்பையும் இழக்கும். ரத்தத்தின் அளவு குறையும். பழைய வேகத்தில் ஓடினாலும் இதயம் கூடுதலாக அடிக்கும். பழகியதும் தானாக இறங்கிவிடும் என்பது என் கட்சி.

போன வருடம் பயிற்சியாளர்கள் கூட்டத்தில் வேறொரு ஓட்டக்காரனின் இதயத் துடிப்பு வரைபடத்தைத் திரையில் போட்டு இதைச் சொன்னேன். பின்வரிசையிலிருந்து நீச்சல் பயிற்சியாளர், "மாத்திரை செஞ்ச வேலையைச் சாப்பாட்டுக் கணக்குல எழுதுறீங்களே சார்," என்றார். அந்த ஆள் உப்பு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தது உண்மை. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நியாயமான கேள்விதான்.

மைத்துனனுக்கும் டாக்டர் பொட்டாசியம் மாத்திரை கொடுத்திருந்தார். அவன் உடம்பில் அது இயல்பாகவே குறைவு. "இதை நிறுத்தினா ஓட்டத்தையும் நிறுத்திடணும். இதயம் தாளம் தப்பிடும்," என்று என் முன்னால்தான் சொன்னார். அதனால் நான் நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் இந்த முறை மாத்திரையின் வேலை என்று யாரும் சொல்லக் கூடாது. டப்பாவில் இருந்ததைக் கொட்டிவிட்டு, அதே அளவில் கால்சியம் மாத்திரைகளைப் போட்டு வைத்தேன். கால்சியம் யாருக்கும் கெடுதல் இல்லை. அவன் ஒரு நாளும் தவறாமல் விழுங்கினான். ஒழுங்கான பையன்.

இரண்டாவது வாரம் என்னிடம் வந்தான்.

"மாமா, வழக்கமான வேகம்தான். நெஞ்சு மட்டும் டமடமன்னு அடிக்குது. நடுவுல ஒரு அடி விட்டுப்போற மாதிரி வேற இருக்கு."

"நெஞ்சுப்பட்டை காய்ஞ்சிருக்கும் மாப்ள. எச்சில் தொட்டுப் போடு."

துடிப்பை அளக்கும் அந்தப் பட்டை காய்ந்திருந்தால் எண் தாறுமாறாக ஏறும். ஓடுகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதனால் எண் ஏறினால் யாரும் இதயத்தைச் சந்தேகிப்பதில்லை, பட்டையைத்தான் சந்தேகிப்பார்கள். அவன் எச்சில் தொட்டுப் போட்டு ஓடிவிட்டு வந்தான். எண் மாறவில்லை.

"அப்படின்னா சாப்பாட்டோட வேலைதான். மூணு வாரத்துல இறங்கிடும்," என்றேன்.

"இறங்கலைன்னா அக்காகிட்ட நீங்கதான் பதில் சொல்லணும்."

துடிப்பு எல்லை மீறினால் அவனுடைய கைக்கடிகாரம் கூவும். அது அவனைக் கவலைப்படுத்தியது. பந்தயத்துக்கு முந்தின நாள் அந்த ஒலியை நான் அணைத்து வைத்தேன்.

பதினெட்டாவது கிலோமீட்டரில், தண்ணீர் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். பிறகு சாய்ந்தான். ஆம்புலன்சில் கூடப் போனது நான். என்ன மாத்திரை எடுக்கிறான் என்று மருத்துவமனையில் கேட்டார்கள். பொட்டாசியம், தவறாமல் எடுக்கிறான் என்றேன். உண்மையைச் சொல்லியிருந்தால் உடனே பொட்டாசியத்தை ஏற்றியிருப்பார்கள். அவ்வளவு நாள் உழைப்பும் வீணாகியிருக்கும். ரத்தப் பரிசோதனை முடிவு வந்து அவர்கள் புரிந்துகொள்வதற்குள் நேரம் கடந்துவிட்டது. மதியம் இறந்தான்.

டப்பாவை ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து உங்களிடம் கொடுத்தது என் மனைவி என்று தெரியும். அவள்மேல் வருத்தமில்லை. நீங்கள் கேட்டதற்கெல்லாம் ஆம் என்று எழுதிக்கொள்ளுங்கள். மாற்றியது நான். தெரிந்துதான் மாற்றினேன்.

வழக்கு முடிந்ததும் அவனுடைய கைக்கடிகாரம் எனக்கு வேண்டும். கடைசிக் கால் மணி நேரத்தில் துடிப்பு இறங்கிக்கொண்டே வருகிறது. மூன்று வாரத்தில் இறங்கும் என்று அவனிடம் சொல்லியிருந்தேன்.