முன்னாள் கணவனின் கடமைகள்

உங்கள் காவல் நிலையத்தில் பார்லித் தேநீரைப் பதமாகக் காய்ச்சுகிறார்கள், ஆய்வாளரே. எங்கள் வீட்டில் அது மியோங்-ரேயின் வேலை. முப்பத்திரண்டு வருடம் என் மனைவி. போன செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணி வரைக்கும்.

நான் தேஜோன் நகரப் பள்ளியில் குடிமையியல் வாத்தியாராக இருந்தவன். ஓய்வு பெற்று நாள் முழுக்க வீட்டில் உட்கார்ந்ததும் அவள் விவாகரத்து கேட்டாள். அடித்தேனா, குடித்தேனா, வரி ஏய்த்தேனா என்று விசாரித்தேன். ஒன்றுமில்லை என்று அவளே ஒப்புக்கொண்டாள்.

"தப்பே பண்ணாத மனுஷன்தான் நீங்க. ஆனா நல்லதுன்னு ஒண்ணு பண்ணி நான் பாத்ததில்லையே."

சட்டத்தில் அப்படியொரு குற்றம் கிடையாது என்று விளக்கினேன். சிரித்தாள். அந்தச் சிரிப்பையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நீதிமன்றம் ஒப்புதல் தந்த பிறகு விவாகரத்தைப் பதிய மூன்று மாத அவகாசம் உண்டு; பதிந்தால்தான் அது செல்லும். நான் மறுநாள் காலையிலேயே வார்டு அலுவலகத்தில் பதிந்துவிட்டேன். அவள் இதயம் பலவீனம் என்று மருத்துவர் சொல்லியிருந்ததற்கும் என் அவசரத்துக்கும் சம்பந்தமில்லை.

அன்று மதியம் தன் பெரிய சோயா விழுதுச் சாடியை எடுத்துப்போக வந்தாள். பாகப்பிரிவினைப் பட்டியலில் சாடி அவளுடையது. ஆகவே தூக்குவதும் அவள் பொறுப்பு. பால்கனியில் குனிந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள்.

"பையில... மாத்திரை இருக்கு..."

மனைவியைக் காப்பாற்றுவது கணவனின் சட்டக் கடமை. ஆற்றில் மூழ்கும் அந்நியரை வேடிக்கை பார்ப்பவனைச் சட்டம் தொடாது. இதை எத்தனையோ வகுப்பில் நடத்தியிருக்கிறேன். அவளிடமும் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். அவளுக்குத்தான் கேட்கப் பொறுமை இல்லை.

கீழ்வீட்டு பியோன் அம்மா வந்து கதவைத் தட்டினார்.

"வாத்தியாரே, ஏதோ விழுந்தாப்ல சத்தம் கேட்டுதே?"

"சாடிங்க. தொந்தரவுக்கு மன்னிச்சுக்குங்க," என்றேன். அக்கம்பக்கத்தாரிடம் பொய் சொல்வதும் குற்றமில்லை.

திரும்பி வந்து பார்த்தால், மியோங்-ரே தவழ்ந்தே கூடம் வரை வந்திருந்தாள். விரல் அங்கே அவள் வைத்திருந்த பையின் வாரில் பட்டும் படாமலும் இருந்தது.

நாற்பது நிமிடம் நான் சும்மா உட்கார்ந்திருந்தேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றும் செய்யாதவனைத் தண்டிக்க உங்களிடம் பிரிவு இல்லை. பையைக் காலால் கொஞ்சம் தள்ளி வைத்தேன், அவ்வளவுதான்.